மேரியன் கீஸ் எழுதுவது 'லைட் ரீடிங்'கா?

#1 அடுப்படிவாசகி

போன வாரம் ஆபீஸில் என் மேசை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "என்னங்க, லைட் ரீடிங்கா?" என்றார். அட்டை ரோஸ் கலர், எழுத்தெல்லாம் வளைவு வளைவாக. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே, போதைக்கு அடிமையான ஒரு பெண் மறுவாழ்வு மையத்தில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு ஒன்றுமே இல்லை என்று நம் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். நான் பதில் சொல்லாமல் சிரித்துவைத்தேன். அந்தக் கடுப்பில்தான் இந்த இழை.

மேரியன் கீஸ் அயர்லாந்துக்காரர். 1963இல் லிமெரிக்கில் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். டப்ளினில் சட்டம் படித்துவிட்டு வக்கீலாகாமல் லண்டனுக்குப் போய் ஓட்டலில் பரிமாறினார். அப்புறம் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. இதற்கிடையே குடி. சாயங்காலம் ஒரு கிளாஸ் என்கிற குடி இல்லை, ஆளையே விழுங்கிய குடி. முப்பது வயது வாக்கில் உயிரை விடும் அளவுக்குப் போய், பிழைத்து, டப்ளினில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். குடியை விடுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் சிறுகதை எழுதத் தொடங்கியிருந்தார்.

வெளியே வந்ததும் அந்தக் கதைகளை பூல்பெக் என்ற டப்ளின் பதிப்பகத்துக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம், ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. நாவலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்களோ நாவலை அனுப்பச் சொல்லிவிட்டார்கள்! ஒரே வாரத்தில் நாலு அத்தியாயம் எழுதி அனுப்ப, மூன்று புத்தகங்களுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 1995இல் 'வாட்டர்மெலன்' வந்தது. முதல் குழந்தை பிறந்த அன்றைக்கே புருஷன் விட்டுவிட்டுப் போகிற கதை. அதை நகைச்சுவையாக எழுதியிருக்கிறார். இன்றுவரை அவருடைய புத்தகங்கள் மூன்று கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன.

என் கேள்வி இதுதான். இவ்வளவு கனமான விஷயத்தை எழுதுகிறவரை ஏன் இன்னமும் 'லைட்' பக்கத்திலேயே அடுக்குகிறோம்? சிரிக்கவைத்தார் என்பதாலா, பெண்களுக்காக எழுதுகிறார் என்பதாலா?

#2 எபிசோட்எழிலி

அக்கா, அந்தப் பொய்க் கடிதத்துக்கே ஒரு சிலை வைக்கலாம். என் தொடரின் வாசகிகளுக்கு "அடுத்த எபிசோட் எழுதி முடிச்சாச்சு, டைப்பிங் மட்டும் பாக்கி" என்று வாராவாரம் போடுகிற என் மனசுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

இரண்டு சந்தேகம். ஒன்று, கேயஸா கீஸா? இரண்டு, அவர் எப்படி எழுதுகிறார்? நான் ராத்திரி பத்தரைக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மொபைலில், ஒற்றைக் கட்டைவிரலால் எழுதுகிறேன். மலைப்பக்கம் தனி பங்களா, ஜன்னலுக்கு வெளியே ஏரி என்றெல்லாம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

#3 அடுப்படிவாசகி

கீஸ். சாவிக்கு ஆங்கிலத்தில் பன்மை சொல்வோமே, அதே உச்சரிப்பு.

பங்களா எல்லாம் இல்லை, கட்டில். மடிக்கணினியை வைத்துக்கொண்டு போர்வைக்குள் இருந்தபடியே எழுதுகிற பழக்கம் அவருக்கு. கட்டுரைத் தொகுப்புக்கே போர்வைக்கு அடியில் என்று பொருள் வரும்படிதான் தலைப்பு வைத்தார். கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே போட்டுவைத்து எழுதும் ஆளும் இல்லை. ஒரு மனுஷி, அவளுக்கு ஒரு சிக்கல் என்று தொடங்கி, அவள் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போகிறார். கணவர் டோனி தன் வேலையை விட்டுவிட்டு இவருடைய வேலைகளைப் பார்த்துக்கொள்கிறார், எழுத எழுதப் படித்து அபிப்பிராயமும் சொல்கிறார். பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று எந்தப் பேட்டியிலும் நான் படித்ததில்லை. நமக்குத் தேவையான தகவலை மட்டும் யாரும் கேட்பதே இல்லை.

#4 மயிலைமாமா

அம்மணி, கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். நான் அறுபத்தெட்டு வயதுக்காரன். வாடகை நூலகத்தில் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸின் கதைகளை எடுத்துப் படித்து வளர்ந்தவன். நகைச்சுவை என்றால் எனக்கு ஒரு இலக்கணம் உண்டு. அந்த உலகத்தில் யாருக்கும் சர்க்கரை வியாதி இருக்கக்கூடாது, வீட்டுக் கடன் இருக்கக்கூடாது. ஒரு கோட்டை, ஒரு பரிசுப் பன்றி, பயமுறுத்த ஒரு அத்தை, அவ்வளவுதான். துக்கத்தைக் கலந்தீர்கள் என்றால் அது பாயசத்தில் ரசம் ஊற்றியது மாதிரி.

குடிநோய், தற்கொலை, கைவிட்ட கணவன் இதெல்லாம் வைத்துச் சிரிக்கவைக்கிறார் என்றால், ஒன்று சிரிப்பு போலியாக இருக்க வேண்டும், இல்லை துக்கம் போலியாக இருக்க வேண்டும். இரண்டும் உண்மை என்றால் எனக்கு ஒரு உதாரணம் காட்டுங்கள். படித்துவிட்டு இதே இடத்தில் வந்து ஒப்புக்கொள்கிறேன்.

#5 தாமிரபரணிக்காரி

மாமா, வுட்ஹவுஸ் பேரைச் சொன்னீர்கள், நல்லதாப் போச்சு. இங்கிலாந்தில் அவர் பெயரால் நகைச்சுவை நாவலுக்கு ஒரு பரிசு உண்டு, 2000இலிருந்து. ஜெயித்தால் ஷாம்பெயின் கிடைக்கும், கூடவே ஒரு நிஜப் பன்றிக்கு உங்கள் நாவலின் பெயரை வைப்பார்கள். சத்தியமாக. 2005இல் மரீனா லெவிட்ஸ்கா ஜெயித்தார். அவர் நாவலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'உக்ரேனிய மொழியில் டிராக்டர்களின் சுருக்கமான வரலாறு'. அந்தப் பன்றியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் இதே கீஸ், அந்தப் பரிசை எத்தனை பெண்கள் வாங்கியிருக்கிறார்கள் என்று ஹே இலக்கிய விழாவில் எண்ணிக் காட்டினார். பதினெட்டு வருஷத்தில் மூன்று பேர். லெவிட்ஸ்கா, ஹெலன் ஃபீல்டிங், ஹன்னா ராத்ஸ்சைல்ட். ராத்ஸ்சைல்டும் ஒரு ஆணோடு பங்கு போட்டுக்கொண்டுதான் வாங்கினார். என் புத்தகங்கள் சிரிக்கவைக்கின்றன, தகுதி பெற இன்னும் நான் என்ன செய்ய வேண்டும் என்பது மாதிரி கேட்டார். அதே 2018இல், வந்த 62 நாவல்களில் எதுவுமே போதுமான அளவு சிரிப்பு மூட்டவில்லை என்று நடுவர்கள் யாருக்கும் பரிசு தரவில்லை. அடுத்த வருஷம் நீனா ஸ்டிப் என்ற பெண்ணுக்குக் கொடுத்தார்கள். கேட்டதால்தான் கொடுத்தார்களா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டார், அது பதிவாகியிருக்கிறது.

பெண்களைப் பற்றிப் பெண்களுக்காக எழுதும் ஜாலியான நாவல்களுக்கு 'சிக் லிட்' என்று ஒரு பெயர் ஒட்டினார்களே, அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெண்களையும் பெண்கள் ரசிப்பதையும் மட்டம் தட்டுகிற வார்த்தை அது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

#6 மயிலைமாமா

பன்றி சமாசாரம் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனது வெட்கம். வுட்ஹவுஸ் கதையில் வரும் அந்தப் பரிசுப் பன்றி, பிளாண்டிங்ஸ் எம்பரஸ், இருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

ஆனால் பரிசுக் கணக்கு என் கேள்விக்குப் பதில் ஆகாது. நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை என்பது வேறு, பாயசத்தில் ரசம் என்பது வேறு. உதாரணம் கேட்டேன்.

#7 அடுப்படிவாசகி

தருகிறேன் மாமா. 'ரேச்சல்ஸ் ஹாலிடே'. என் மேசையில் கிடந்ததும் இதுதான். கதை கொஞ்சம் உடையும், படிக்கப் போகிறவர்கள் அடுத்த பதிவுக்குத் தாவிவிடுங்கள்.

ரேச்சல் வால்ஷ், இருபத்தேழு வயது, நியூயார்க்கில் இருக்கிறாள். மருந்து மாத்திரை கூடிப்போய் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாள். வீட்டார் டப்ளினுக்கு இழுத்துவந்து மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறார்கள். கதையை அவளே சொல்கிறாள். அவள் கணக்கில் இது ஒரு தவறான புரிதல், கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான். போவதற்குச் சம்மதிப்பதே, அங்கே ஜக்கூசி இருக்கும், ஜிம் இருக்கும், சினிமா பிரபலங்கள் யாராவது சிகிச்சைக்கு வந்திருப்பார்கள் என்ற நப்பாசையில். போய்ப் பார்த்தால் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட நடுத்தர வயது ஆண்கள். சமையல் வேலை முறைவைத்துச் செய்ய வேண்டும். நாம் சிரிக்கிறோம், நன்றாகவே சிரிக்கிறோம். "பாவம், இந்தப் பெண்ணை எதற்கு இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள்" என்றுகூடத் தோன்றுகிறது.

அங்கே ஒரு வழக்கம். நோயாளிக்கு நெருங்கியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கி, எல்லார் முன்னாலும் வாசிக்கவைப்பார்கள். ஒரு நாள் ரேச்சலின் காதலனும், கூடத் தங்கியிருந்த தோழியும் வருகிறார்கள். நூறு பக்கம் முன்னால் அவள் சொல்லி நாம் சிரித்த அதே சம்பவங்களை அவர்கள் தங்கள் பக்கமிருந்து சொல்கிறார்கள். அப்போதுதான் உறைக்கிறது. இவள் சொன்னதெல்லாம் நம்பி, கூடச் சேர்ந்து சிரித்து, இவளுடைய பொய்க்கு நாமும் துணை போயிருக்கிறோம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. திரும்ப முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன், எல்லாமே அங்கேயே எழுதியிருந்தது. வேடிக்கையாகச் சொன்னதால் கவனிக்கவில்லை.

குடிக்கிற சித்தப்பா யார் வீட்டிலாவது இருந்தால் தெரியும். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அந்தப் பேச்சில் மயங்கித்தான் வீடே பத்து வருஷம் சும்மா இருந்திருக்கும். கீஸ் அந்தப் பேச்சையே கதைசொல்லிக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே உங்கள் பாயசக் கணக்கு இங்கே செல்லாது. அந்தச் சிரிப்பே அவளுடைய நோயின் பேச்சு. அதை எடுத்துவிட்டால் நாவலே இல்லை. தானே அந்தப் பக்கம் போய்த் திரும்பிய ஒருத்தியால்தான் இதை எழுத முடியும் என்று நினைக்கிறேன். 2022இல் 'அகெய்ன், ரேச்சல்' வந்தது. அதில் அதே ரேச்சல் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறாள், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு அது முதல் பாகம் அளவுக்கு ஒட்டவில்லை. பொய் சொல்லாத ரேச்சலிடம் சுவாரசியம் கொஞ்சம் கம்மி.

#8 டப்ளின்தமிழ்

பல மாதமாகச் சைலண்ட் ரீடர். இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் பாவம்.

கீஸ் இருப்பது டப்ளினுக்குத் தெற்கே கடலோர ஊரில். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'டுன் லவோகைர்' என்று வரும், சொல்வது 'டன் லேரி'. இங்கே வந்த புதிதில் ரயிலில் டிக்கெட் கேட்க நான் பட்டபாடு வேண்டாம். கடலுக்குள் நீளும் இரண்டு கல்பாலங்கள் அங்கே பிரபலம். ஞாயிற்றுக்கிழமை ஊரே அதில் நடக்கும். நடந்துகொண்டே பேசும், பேசிக்கொண்டே அடுத்த வீட்டைப் பற்றிப் பேசும்.

கீஸை இந்த ஊரிலிருந்து பிரித்துப் பார்த்தால் பாதிதான் புரியும். 'வாட்டர்மெலன்' வந்தது 1995 என்றீர்கள். அந்த வருஷம் அயர்லாந்தில் விவாகரத்துக்கு அரசியலமைப்பிலேயே தடை. நவம்பர் 24இல் நடந்த வாக்கெடுப்பில் 50.28 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். வித்தியாசம் 9,114 ஓட்டு. ஒரு நாடே நூலிழையில் தப்பித்தது! கதையில் புருஷன் விட்டுப் போனது லண்டனில்தான். ஆனால் கைக்குழந்தையோடு அவள் திரும்பி வருவது இந்த டப்ளினுக்கு. புருஷன் போய்விட்டான் என்பதை அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாத ஊர். நமக்கு இதை விளக்கவே வேண்டாம் இல்லையா?

இங்கே கஷ்டத்தை நேராகச் சொல்லமாட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணியின் வீட்டுக் கூரை புயலில் பறந்துவிட்டது. மறுநாள் எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "காற்றோட்டமாக இருக்கிறது" என்றார். கீஸின் நடை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அன்றைக்குப் பிடிபட்டது. அவருடைய அம்மா கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்று அவரே பேட்டிகளில் சொல்வதுண்டு. எழுதுவதற்கு முன்னால் கேட்டு வளர்ந்திருக்கிறார்.

#9 எபிசோட்எழிலி

டப்ளின் அக்கா, காற்றோட்டத்தைத் திருடிக்கொள்கிறேன், அடுத்த எபியில் பார்க்கலாம்.

என் புலம்பல் ஒன்று. ஒரு தொடரில் நாயகிக்குக் குழந்தை பிறந்த பிறகு மனச்சோர்வு. அவள் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டு டைரி எழுதுவதுபோல் வைத்தேன். புத்தகமாகப் போடக் கேட்ட ஒரு பதிப்பகத்தில், "ஒன்று அழவையுங்கள், இல்லை சிரிக்கவையுங்கள், வாசகிகள் குழம்பிவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் நாயகனுக்குக் கோபம் போதவில்லையாம், இரண்டு அறை சேர்த்தால் நன்றாக இருக்குமாம். நான் சேர்க்கவில்லை, புத்தகமும் வரவில்லை. ஆனால் அந்த எபிக்கு வந்த கமெண்டில் பாதிப் பேர், "நான் இதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன்" என்று எழுதியிருந்தார்கள். யாரும் குழம்பவில்லை.

அறை என்றதும் ஞாபகம். கீஸின் 'திஸ் சார்மிங் மேன்' 2008இல் வந்தது. ஊரே கொண்டாடும் ஒரு அரசியல்வாதி, பெண்களை அடிக்கிறவன். அங்கே அடி வில்லத்தனம். நம் தொடர்களில் அது எத்தனை தடவை 'பொசசிவ்' என்ற பெயரில் வந்திருக்கிறது என்று எண்ணவே எனக்குப் பயம். நானே ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன்.

#10 இரவுப்பணி

எல்லாரும் குடியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு கீஸ் கைகொடுத்தது வேறு இடத்தில்.

2009 வாக்கில் அவருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. குடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகி, புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோது. படிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை என்று தன் இணையதளத்திலேயே வாசகர்களுக்கு எழுதினார். இடையில் ஒரு நண்பரின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யப்போய், அதையே பிடித்துக்கொண்டு கேக் மேல் கேக்காகச் செய்தார். 2012இல் 'சேவ்ட் பை கேக்' என்று சமையல் புத்தகமே வந்தது. தலைப்பைப் பார்த்து நானும் முதலில் முகம் சுளித்தேன். உள்ளே அப்படி இல்லை. கேக் தன்னைக் குணப்படுத்தவில்லை, ஒரு நாளைக் கடக்க உதவுகிறது என்றுதான் சொல்கிறார். மாவைச் சலிக்கிற நேரத்துக்கு வேறு எதையும் செய்ய வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அதே வருஷம் 'தி மிஸ்டரி ஆஃப் மெர்ஸி க்ளோஸ்' நாவலும் வந்தது. ரேச்சலின் தங்கை, வால்ஷ் வீட்டுக் கடைக்குட்டி ஹெலன், தனியார் துப்பறிவாளர். காணாமல்போன ஒருவனைத் தேடிக்கொண்டே, தன் மூளை தன்னை விட்டுக் காணாமல்போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யார் அனுதாபப்பட்டாலும் எரிந்து விழுவாள். எனக்கும் ஒரு காலத்தில், "வாக்கிங் போங்க, சரியாயிடும்" என்று சொன்னவர்களையெல்லாம் கடிக்கத் தோன்றியது. அந்தக் கடியை அப்படியே ஒரு பாத்திரமாக்கிச் சிரிக்கவைத்தது அவர் மட்டும்தான், நான் படித்தவரையில்.

இரவு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. மீதி நாளைக்கு.

#11 தாமிரபரணிக்காரி

நான் ஒரு கிறுக்குத்தனம் செய்துகொண்டிருக்கிறேன், இங்கேதான் சொல்ல முடியும். 'வாட்டர்மெலன்' (அதுவும் வால்ஷ் வீட்டுக் கதைதான்) நாலைந்து பக்கம் தமிழில் மாற்றிப் பார்த்தேன். அச்சுக்கு இல்லை, என் ஆசைக்கு.

புத்தகத் தமிழில் செய்தால் செத்துவிடுகிறது. "அன்னை கவலையுடன் நோக்கினார்" என்று வருகிறது. வால்ஷ் வீட்டு அம்மா கவலையுடன் நோக்குகிற ஆளா? அந்த அம்மாள் சமையலை நிறுத்தியே பல வருஷம். செய்தால் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள் என்று ஒரு நாள் அடுப்பை விட்டவர்தான். அந்த வீட்டில் மைக்ரோவேவ்தான் குலதெய்வம். பின்னால் வருகிற ஒரு நாவலில் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு மின்னஞ்சல் எழுதுகிறார். யாரோ ஒரு கிழவி தன் நாயைக் கூட்டிவந்து நம் வீட்டு வாசலில் அசிங்கம் பண்ணவைக்கிறாள் என்று துப்பறிகிறார். மகளுக்கு அங்கே வாழ்க்கையே இடிந்து கிடக்கிறது, இவருக்கு நாய்.

எங்கள் பாளையங்கோட்டைப் பெரியம்மை இதே ரகம். ஆகவே பெரியம்மை பேச்சில் போட்டேன். வரிக்கு வரி இல்லை, குரலைப் பிடிக்க நானாகச் சொல்லிப் பார்த்தது: "ஏட்டி, போனவன் போயிட்டான், அதுக்கு என்ன செய்ய? பிள்ளைய இங்க தா. நீ போயி என்னமும் சாப்பிடு. வீட்டுல ஒண்ணும் கெடையாது, அது வேற." உடனே உயிர் வந்துவிட்டது. திட்டுகிற மாதிரியே பாசம் காட்டுவதும், பாசம் காட்டுகிற மாதிரியே திட்டுவதும் நெல்லைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர்கள் அம்மாவை 'மேமி' என்கிறார்கள். அமெரிக்க 'மாம்' இல்லை, லண்டன் 'மம்' இல்லை, அயர்லாந்தில் கூப்பிடுகிற விளி. தமிழில் என்ன போட? 'மம்மி' என்றால் எல்கேஜி வாசனை, இல்லாவிட்டால் எகிப்து.

#12 டப்ளின்தமிழ்

'அம்மா' என்றே விட்டுவிடுங்கள். நடை மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் திருநெல்வேலி ஆக்கினால் மழையும் பாதிரியாரும் என்ன ஆவார்கள்? பாளையங்கோட்டையில் பாதிரியார் கிடைப்பார், மழைக்கு எங்கே போவீர்கள்?

#13 எபிசோட்எழிலி

'அம்மை' போடுங்கள் அக்கா. உங்கள் ஊரில் சொல்வதுதானே.

#14 தாமிரபரணிக்காரி

அதைத்தான் முதலில் போட்டேன். "அம்மை வந்துட்டா" என்று ஒரு வரி. தங்கச்சியிடம் படிக்கக் கொடுத்தேன். சென்னையில் வளர்ந்தவள். "யாருக்கு அம்மை? வேப்பிலை கட்டணுமா?" என்கிறாள்.

#15 மயிலைமாமா

வேப்பிலைக்கு முன்னால் என் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். 'ரேச்சல்' கிண்டிலில் வாங்கினேன், ரோஸ் அட்டையோடு பார்க்கில் உட்கார எனக்குத் தைரியம் போதவில்லை. அந்தக் கேள்வித்தாள் அத்தியாயம் நேற்று முடிந்தது. அம்மணி சொன்ன சித்தப்பா எங்கள் வீட்டிலும் இருந்தார். சித்தப்பா இல்லை, என் அண்ணா. கல்யாண வீட்டில் அவர் இருக்கிற பந்திதான் கலகலக்கும். இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஒப்புக்கொள்கிறேன், ரசம் இல்லை. என்னவென்று பெயர் சொல்லத் தெரியவில்லை. முதல் நூறு பக்கத்தில் தேவைக்கு மேல் துணிமணி வர்ணனை வருகிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.

தாமிரபரணி அம்மணி, உங்கள் நாலு பக்கத்தை இங்கே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன். 'அம்மை' இருக்கட்டும். உங்கள் தங்கச்சிக்கு வேப்பிலை நான் கொண்டுவருகிறேன்.